கறுப்புப் புகையும் என் லோரியும்

அப்பா விட்டுப்போன ஆறு டயர் லோரியில், மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள சிறு தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிறேன். (பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) வர்த்தக லோரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். போன தடவை புஸ்பாகோம் பரிசோதனை நிலையத்தில் பிரேக், விளக்கு, டயர் எல்லாம் சரி. புகையில் மாட்டிக்கொண்டேன்.

புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகிவிட்டு, கியர் போடாமல் ஆக்சிலேட்டரை ஒரே மூச்சில் மிதிக்கச் சொல்வார்கள். 1996-ஆம் ஆண்டு டீசல் புகை விதிப்படி புகையின் கறுப்பு 50 ஹார்ட்ரிஜ் அலகைத் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. என் லோரி 71 காட்டியது. எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதானே ஓட்டினேன்.

முதலில் போன பட்டறையில் டீசல் பம்பையே மாற்ற வேண்டும் என்று மூவாயிரம் ரிங்கிட் கேட்டார்கள். மனசு கேட்கவில்லை. அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் ஓட்டிப்போனேன். அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. தோட்டத்துச் சடக்கு (மண் ரோடு) முழுக்க அதற்குள்தான் இருந்தது.

"காத்து போகாம டீசல் எப்படி தம்பி எரியும்? எரியாததுதான் கரியா வருது" என்றார்.

புது ஃபில்டர், இன்ஜெக்டர் கழுவியது, கூலி எல்லாம் சேர்த்து 480 ரிங்கிட். மறுபரிசோதனையில் 34.

டீசல் கணக்கு நோட்டு ஏற்கெனவே என்னிடம் இருந்தது. 2024 ஜூன் 10-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியபோது, லோரி பெர்மிட் அப்பா பெயரிலேயே இருந்ததால் டீசல் சலுகை அட்டை உடனே கைக்கு வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் தொடங்கிய நோட்டு அது. அதைப் புரட்டினால், ஃபில்டர் மாற்றிய பிறகு 100 கிலோமீட்டருக்கு 31 லிட்டர் குடித்த வண்டி 28-க்கு இறங்கியிருந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. சரி, இன்னும் எங்கே வீணாகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

ஆலை வாசலில் எடைபோட நிற்கும் வரிசைதான் பெரிய ஓட்டை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் விளைச்சல் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்போம், ஏர்கோனுக்காக எஞ்சினை ஓடவிட்டபடி. இப்போது அணைத்துவிட்டு மரத்தடியில் உட்காருகிறேன். வியர்வைதான், வேறென்ன.

அப்புறம், திரும்பும்போது காலியாக வருவதை விட்டேன். பழம் உதிர்த்த வெறுங்குலை ஆலையில் மலைபோல் கிடக்கும். மரத்தடியில் பரப்பினால் மண் ஈரம் காக்கும். அதை அதே தோட்டங்களுக்கு ஏற்றிவருகிறேன். முன்பு வெறுமனே எரிந்த டீசலுக்கு இப்போது வாடகை கிடைக்கிறது. வெறுங்குலையிலிருந்து ஒழுகும் நீரைக் கழுவாமல் மறுநாள் குலை ஏற்ற முடியாது, அந்த வேலை கூடிப்போனது. நாற்றமும் லேசில் போகாது. வீட்டு வாசலில் லோரியை நிறுத்த மனைவி விடுவதில்லை.