கூவாகத்துக்குப் பெரியம்மாவோடு

கூவாகத்தில் வருடா வருடம் அரவானுக்குத் திருவிழா; அங்கே அவர் பெயர் கூத்தாண்டவர். ஒரு ராத்திரி கல்யாணம், மறுநாள் சாவு. கூவாகம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரிதான். தாலி, பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, சுற்றிலும் கேமரா. என் பெரியம்மாவின் கணக்கில் அந்த ராத்திரி கிடையாது. அவர் போவது மறுநாள் புதன்கிழமைக்கு.

"கல்யாணத்துக்கு ஆயிரம் பேரு வருவாங்கடா தம்பி. சாவுக்கு வர்றவன்தான் சொந்தக்காரன்" என்பார்.

முப்பது வருடத்துக்கும் மேலாகப் போய்க்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி அதிகமானதால் அந்த வருடம் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. அண்ணனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சரி, நான் போகிறேன் என்றேன். விழுப்புரம், கடலூர் பக்கத்து நடுநாட்டுக்காரனாகப் பிறந்தும் அதுவரை நான் கூவாகம் போனதில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

நான் போகாவிட்டாலும் அரவான் எனக்குப் பழக்கமானவர்தான். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவில் தெருக்கூத்து நடக்கும். சின்ன வயதில் பாயில் பாதித் தூக்கத்தில் கிடக்கும்போது, அதுவரை சிரிக்க வைத்துக்கொண்டிருந்த கட்டியங்காரன் திடீரென்று வாயை மூடிக்கொள்வான். அரவான் களப்பலி வந்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். மேடையில் நிற்பது வேஷம் கட்டிய பக்கத்து ஊர் மாமா என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அழுவார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போரில் வெல்ல வேண்டுமானால் அமாவாசையன்று களத்தில் ஒரு வீரனைப் பலி கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஆளாக இருக்க வேண்டும். பாண்டவர் பக்கம் அப்படி மூன்றே பேர்: கண்ணன், அர்ஜுனன், அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான். முதல் இருவரையும் இழக்க முடியாது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பலிக்கு நாள் குறித்துக் கொடுக்கச் சொல்லி துரியோதனன் வந்து கேட்டது எதிரி வீட்டுச் சகாதேவனிடம்! சகாதேவனும் பொய் சொல்லாமல் குறித்துக் கொடுத்துவிட்டான். கண்ணன் விடுவாரா? ஒரு நாள் முன்னதாகவே தர்ப்பணம் செய்ய உட்கார்ந்தார். "இன்றைக்கு அமாவாசை இல்லையே" என்று கேட்க சூரியனும் சந்திரனும் சேர்ந்து வந்தார்கள். இருவரும் சேர்ந்து வந்தால் அதுதான் அமாவாசை என்று சொல்லிவிட்டார். பலி பாண்டவர் பக்கம் முந்திக்கொண்டது. கேட்டதும் சம்மதித்த பிள்ளை, சாவதற்கு முன் ஒரு பெண்ணை மணக்க வேண்டும் என்றான், வெட்டுண்ட தலையாக இருந்தாவது போரை முழுக்கப் பார்க்க வேண்டும் என்றான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி ஓர் இரவு மனைவியாக இருந்தார். விடிந்ததும் விதவையாகி மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

வியாசர் பாரதத்தில் களப்பலியும் இல்லை, கல்யாணமும் இல்லை. களப்பலி நம் பக்கத்துக் கதை. 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே வந்துவிடுகிறது. வில்லிபுத்தூரார் அதற்கென்று தனிச் சருக்கமே பாடியிருக்கிறார். வியாசரிடம் அவன் பெயர் இராவான். எட்டாம் நாள் போரில் சகுனியின் தம்பிமார் ஐந்து பேரை வீழ்த்திவிட்டு, அலம்புசன் என்ற அரக்கனிடம் தலையை இழக்கிறான். நாகங்கள் சூழ இவன் பெரும் பாம்பாக நிற்க, அரக்கன் கருடனாக வந்து அந்த நாகங்களைத் தின்றுவிடுகிறான்.

அதில் என்னை உலுக்கியது அந்தச் சண்டை அல்ல, அதற்கு முன்னால் வரும் சின்ன இடம். அரவான் அப்பா முகம் பார்க்காமல் அம்மா வீட்டில் வளர்ந்தவன். அர்ஜுனன் இந்திரலோகம் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கேயே போய், கைகூப்பி நின்று, "நான் இராவான், உங்கள் மகன்" என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். அப்பா அணைத்துக்கொள்கிறார், சந்தோஷப்படுகிறார். அப்புறம் கேட்பது ஒன்றே ஒன்று: போர் வரும்போது எங்களுக்கு உதவ வா. மகனும் சரி என்கிறான். சொன்னபடியே வந்தான், செத்தான். செய்தி கேட்டு அர்ஜுனன் கலங்குகிறான். ஆனால் போர்க்களத்தில் அழுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? அம்பு எடுத்துத்தானே ஆக வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து சிறப்புப் பேருந்தில் நின்றுகொண்டே போனோம். ஒரு பெண் எழுந்து பெரியம்மாவுக்கு இடம் கொடுத்தாள். கூவாகம் உளுந்தூர்பேட்டைக்கு அருகே, 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு இன்னும் அது தென்னாற்காடுதான். வயலும் வரப்புமாகச் சின்ன ஊர். வருடத்தில் மற்ற நாள் வந்தால் இங்கேயா இவ்வளவு கூட்டம் என்று நம்பமாட்டீர்கள். கூழ் ஊற்றும் சாகை வார்த்தலில் தொடங்கிப் பதினெட்டு நாள் திருவிழா. பாரதப் போரும் பதினெட்டு நாள்தான்.

கோயிலும் சின்னதுதான். உள்ளே கூத்தாண்டவருக்குத் தலை மட்டும். சிவந்த முகம், முறுக்கிய பெரிய மீசை, நெற்றியில் நாமம். கண்கள் இருக்கிறதே, அதை என்ன சொல்ல! இமைக்க மறந்தவர் மாதிரி விரித்த கண்கள். போர் முடியும்வரை பார்க்க வேண்டும் என்று வரம் வாங்கியவருக்கு வேறு எப்படிக் கண் வைப்பார்கள்? கற்பூர வெளிச்சத்தில் அந்தக் கண் என்னைத் தாண்டி எதையோ பார்த்தது. வேண்டுதலோடு போனவன்தான் நான். அங்கே நின்றதும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவுக்குக்கூட இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருவரிடம் என்னத்தைக் கேட்பது?

வாசலில் முந்தைய இரவு கொளுத்திய கற்பூரத்தின் கரிக்குவியல்கள் கிடந்தன. அதைச் சுற்றித்தான் விடியவிடியக் கும்மி அடித்திருக்கிறார்கள். தாலி கட்டிக்கொள்வது திருநங்கைகள் மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வேண்டிக்கொண்ட உள்ளூர் ஆண்களும், அப்பா தோளில் உட்கார்ந்த பையன்களும் மஞ்சள் கயிற்றோடு திரிந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பொடியன் கழுத்துத் தாலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

பேருந்தில் இடம் கொடுத்த பெண்ணைத் தேர் பார்க்க நின்ற இடத்தில் மறுபடி பார்த்தோம். திருநங்கை. மும்பையிலிருந்து வருடா வருடம் வருகிறாராம். இரவு தாலி கட்டிக்கொண்டு, தங்கியிருந்த இடத்துக்குப் போய்விட்டுக் காலையில் திரும்பியிருக்கிறார். கையில் ஒரு துணிப்பை. தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திறந்தபோது உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை தெரிந்தது. அதற்கு மேலேயே முந்தைய நாள் கட்டிய அரக்குப் பட்டு.

"ஏம்மா, இதை முன்னாடியே வாங்கிட்டியா?" என்றார் பெரியம்மா.

"பின்ன? அழுதுகிட்டே கடையில நின்னு விலை பேச முடியுமாம்மா?"

பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் விடவே இல்லை.

தமிழ்நாட்டில் திருநங்கைகளை அரவாணி என்று அழைத்த காலம் உண்டு. அரவானின் மனைவி என்ற பொருளில் வந்த சொல். திருநங்கை என்ற சொல் அப்புறம் வந்தது. 2008 ஏப்ரல் 15-இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்ததும் நாட்டிலேயே இங்கேதான் முதலில். நல்ல விஷயம்தான். ஆனால் தேர் வரும்போது ஓர் ஆள் அழுகிற முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை நீட்டி, "இந்தப் பக்கம் பாருங்க" என்றான். யார் வீட்டுச் சாவிலாவது இப்படிச் செய்வானா?

தேர் பெரிய மரத்தேர் இல்லை. நட்ட கம்பத்தில் அரவானின் உடல் உறுப்புகளைப் பொருத்துகிறார்கள். அந்த உறுப்புகளைச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் முறை வைத்து ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுக்கின்றன. கை ஓர் ஊர், மார்பு ஓர் ஊர் என்று. ஒரு பிள்ளையைச் சாவுக்கு அனுப்ப இத்தனை ஊர் சேர்ந்து உடம்பு செய்கிறது என்று நினைத்ததும் எனக்கு அடிவயிறு என்னவோ செய்தது. மாலைகள் பறந்து போய் விழுந்தன. விவசாயிகள் விளைந்ததை வீசினார்கள். ஒரு தானியக் கைப்பிடி என் சட்டைக்குள் போய், வீடு திரும்பும்வரை குத்திக்கொண்டிருந்தது. ஒரு செருப்பையும் அங்கேயே தொலைத்தேன்.

தேர் பந்தலடிக்குப் போனது. அதுதான் அழிகளம், அரவான் பலியாகும் இடம்.

அங்கே நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பூசாரி தாலியை அறுக்கிறார். வளையல்களை ஒன்றோடொன்று மோதி உடைக்கிறார்கள். பொட்டு அழிகிறது, பூ அறுந்து மண்ணில் விழுகிறது. ஒப்பாரி ஓரிடத்தில் தொடங்கி அடுத்த வட்டத்துக்குத் தாவி வயல் முழுக்கப் பரவுகிறது. அந்தத் துணிப்பைக்காரப் பெண் முதலில் அரவானுக்காகத்தான் அழுதார். அப்புறம் ஒப்பாரியில் அவருடைய அம்மா வந்தார், விட்டுவந்த வீடு வந்தது, ஏதோ ஓர் ஊரில் செத்துப்போன தோழி வந்தாள். எங்கள் ஊர்ச் சாவு வீட்டிலும் இதுதானே நடக்கும்? இன்றைய பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து பழைய சாவுக்கெல்லாம் சேர்த்துத்தானே அழுவார்கள்? பெரியம்மா அவரைக் கட்டிக்கொண்டு, எப்போதோ போன பெரியப்பாவின் பேரைச் சொல்லி அழுதார். அவர் இறந்தபோதுகூடப் பெரியம்மா இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

குளித்து வெள்ளை கட்டிக்கொண்டு அந்தப் பெண் கிளம்பும்போது, "வரட்டுமா" என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. தலையை மட்டும் அசைத்தார்.

மாலையில் உறுமைசோறு. படைத்த பலிச்சோற்றை வாங்கச் சேலைத் தலைப்பை ஏந்தி நின்ற கூட்டத்தில் பெரியம்மாவும் இருந்தார். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லாமல் ஒருமுறை வந்து இந்தச் சோற்றை வாங்கித் தின்றவர். அதன்பின் பிறந்தவர்தான் அண்ணன். இப்போது கேட்டால், "கேட்டேன், குடுத்தாரு. அவரு காரியத்துக்கு வராம இருக்க முடியுமா?" என்று மட்டும் சொல்வார். இந்த முறை வாங்கியது பக்கத்து வீட்டு மருமகளுக்கு. ஒரு கைப்பிடிதான். அதை முந்தானையில் முடிந்து பேருந்தில் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

அன்று மாலையே காளி கோயிலில் அரவானுக்கு உயிர் வருவதாக ஐதீகம். அதற்கு நாங்கள் நிற்கவில்லை. கடைசி வண்டியை விட்டால் முழங்காலோடு ராத்திரி முழுக்க வயலில் கிடக்க வேண்டும். பின்னால் தருமர் பட்டாபிஷேகத்தோடு திருவிழா முடியும்.

"அதுக்கும் ஒருநாள் வரலாமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"தருமருக்குப் பட்டம் கட்டினா எனக்கென்னடா?" என்றார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விடிஞ்சதும் அந்த ஊர்ல தெரிஞ்சவங்க யாருக்காச்சும் போன் போடு. புள்ள எழுந்திருச்சிட்டானான்னு மட்டும் கேளு" என்றார்.