கத்தரிக்கோலை நம் கையில் கொடுத்தவர்

துணிச்சலான வடிவமைப்பாளர் என்றதும் கண்ணைப் பறிக்கும் நிறங்களும், மேடையைத் தாண்டி எங்கும் அணிய முடியாத விசித்திர உடைகளுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தாம் உருவாக்கியதன் இறுதி வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கத்தான் கூடுதல் நெஞ்சுரம் வேண்டும் என்பது என் எண்ணம். ஜப்பானின் இஸ்ஸே மியாகே மீது எனக்குள்ள ஈடுபாட்டுக்கும் அதுவே காரணம்.

1938இல் ஹிரோஷிமாவில் பிறந்த மியாகே, ஏழு வயதில் அணுகுண்டு வீச்சிலிருந்து உயிர்தப்பியவர். அந்த ஓர் அடையாளத்தோடு மட்டும் தம்மை உலகம் பார்ப்பதை விரும்பாமல், 2009இல் அதுபற்றி ஒரு கட்டுரை எழுதும்வரை பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர்கள் கி லரோஷ், ஜிவான்ஷி ஆகியோரிடம் வேலை பார்த்தவர், 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய கிளர்ச்சியை அங்கிருந்தபடியே கண்டார். செல்வச் சீமாட்டிகள் சிலருக்காகத் தைப்பதைவிடப் பலரும் உடுத்தக்கூடியதைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்குள் வலுப்பட்டது. 1970இல் டோக்கியோவில் சொந்த வடிவமைப்புக் கூடத்தைத் தொடங்கினார்.

மடிப்பு வைத்த உடை என்றால் துணியில் முதலில் மடிப்பெடுத்து, அதன் பிறகே வெட்டித் தைப்பது வழக்கம். மியாகே இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். தேவையான அளவைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகப் பாலியெஸ்டர் துணியில் உடையை முழுமையாகத் தைத்து, இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே வைத்து, வெப்ப அழுத்த இயந்திரத்துக்குள் செலுத்தினால், நுண்ணிய மடிப்புகளோடு உரிய அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். பாலியெஸ்டர் வெப்பத்தில் இளகி, ஆறும்போது அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் இழை என்பதால், துவைத்தாலும் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தாலும் மடிப்பு கலையாது, இஸ்திரியும் தேவையில்லை. நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் பிராங்க்ஃபர்ட் பாலே குழுவினர் 1991இல் இத்தகைய உடைகளை அணிந்து ஆடினர். உடல் வளைந்து திரும்பும்போது துணியும் கூடவே விரிந்து சுருங்கியது. 1993இல் ‘பிளீட்ஸ் பிளீஸ்’ என்ற பெயரில் அது தனி வரிசையாகவே விற்பனைக்கு வந்தது. நம் ஊர் வெயிலுக்குப் பாலியெஸ்டர் ஏற்றதா என்ற கேள்வியும், பலருக்கான உடை என்று தொடங்கியது சிலரால் மட்டுமே வாங்கக்கூடிய விலைக்குப் போய்விட்டதே என்ற மனத்தாங்கலும் எனக்கு உண்டு.

ஆனால் என்னை முழுவதுமாகக் கவர்ந்தது, 1990களின் பிற்பகுதியில் வடிவமைப்பாளர் டாய் ஃபுஜிவாராவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘ஏ-பாக்’ (‘ஒரு துண்டுத் துணி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற முயற்சிதான். கணினி இயக்கும் பின்னல் இயந்திரத்திலிருந்து குழாய் வடிவில் நீண்ட துணிச்சுருள் ஒன்று வெளியே வருகிறது; கவுன், தொப்பி, கையுறை, காலுறை, சிறு பை ஆகியவற்றின் விளிம்புகள் எல்லாம் அந்தத் துணியிலேயே பின்னப்பட்டிருக்கின்றன. வாங்குபவர் கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டோடு வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் வெட்டிய இடம் பிரிந்துபோகாது, தையலும் வேண்டாம். கை முழுதாக இருக்கவேண்டுமா, கழுத்து எவ்வளவு இறங்கவேண்டும் என்பதையெல்லாம் உடுத்துபவரே முடிவு செய்யலாம். தைக்காத ஆறு கெஜத் துணியில் கொசுவத்தை எத்தனை மடிப்பாக வைப்பது, முந்தானையை எவ்வளவு நீளம் விடுவது என்று கட்டுபவரே தீர்மானிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. அதை ஓர் ஆலை இயந்திரத்துக்குள் கொண்டுபோனதே மியாகேயின் சாதனை.

இதே விட்டுக்கொடுத்தலை எல் அனாட்சுயியிடமும் காண்கிறேன். கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் பல பத்தாண்டுகள் கற்பித்த இந்தச் சிற்பி, மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி நசுக்கி, ஆயிரக்கணக்கில் செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவு திரைகளாக்குகிறார். தூரத்திலிருந்து பொன்சரிகைத் துணிபோலத் தோன்றுவதில் கிட்டே போனால் மதுக் கம்பெனிகளின் பெயர்களைப் படிக்கலாம். எங்கே மடிப்பு விழவேண்டும், எங்கே தொய்யவேண்டும் என்பதை மாட்டுபவர்களின் விருப்பத்துக்கே அவர் விட்டுவிடுவதால், ஒரே படைப்பு ஒவ்வொரு கூடத்திலும் வேறு உருவம் எடுக்கிறது. 2015இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சி வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அவருக்கு வழங்கியது.

இந்த வரிசையில் இன்னொரு ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளரான ரெய் கவாகுபோவைச் சேர்க்க எனக்குத் தயக்கம் உண்டு. 1997ஆம் ஆண்டு வசந்தகாலத் தொகுப்பில் முதுகிலும் இடுப்பிலும் மெத்தை போன்ற பொதிகளை வைத்துத் தைத்து, அழகான உடல் எது என்ற தீர்ப்பையே அவர் கலைத்துப் போட்டார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் புடைப்பு எங்கே இருக்கவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கிறார். உடுத்துபவருக்கு அதில் பேச்சில்லை. மியாகேயின் உடையை வாங்கி அணிந்துபார்க்க எனக்கு ஆசை இருக்கிறது. கவாகுபோவின் உடையை அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தாலே போதும்.