பல்லாவரம்: கொல்லைப்புறக் குறிப்புகள்

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

மழை வந்தால் கொல்லையில் தண்ணீர் நிற்கிறது, மேடாக்கலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று காலை ஒரு டிராக்டர் சரளை மண் வந்து இறங்கியது. மேஸ்திரி முதல் வேலையாக, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த அம்மியைக் கடப்பாரை போட்டு நெம்பினார். "இது எதுக்கும்மா, குப்பையோட போயிடட்டும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முட்டிவலிக்காரியான என் மாமியார் எங்கிருந்துதான் வந்தாரோ, அம்மிக்கும் கடப்பாரைக்கும் நடுவில் நின்றார்.

அத்தை கல்யாணமாகி வந்த வருஷம் மாமா திரிசூலம் குவாரிப் பக்கம் போய் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அம்மியாம். இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். குழவி இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அதைப் பார்த்தவர் யாருமில்லை. குழவி இல்லாத அம்மியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

மே 4, ஞாயிறு

அம்மியைத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம். தண்ணீர் பட்டதும் நீலம் கலந்த கறுப்பு, சாய்த்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். கருங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இதற்குத் தனிப்பெயர் உண்டு, சார்னகைட். பெயர் வந்த கதைதான் வேடிக்கை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜோப் சார்னக் இறந்தபின் அவர் கல்லறைக்குப் பலகைக்கல் போயிருக்கிறது, நம்ம பரங்கிமலை, பல்லாவரம் மலைகளில் கிடைக்கிற இதே வகைக் கல். இருநூறு வருஷம் கழித்து, 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பாறைக்குப் பெயர் தேடியபோது கல்லறையில் படுத்திருப்பவர் பெயரையே வைத்துவிட்டார். அண்டார்க்டிகாவில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது. பல்லாவரைட் என்று வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பரங்கிமலையில் இந்தப் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். தினமும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

அத்தையிடம் சொன்னேன். "பொணத்து மேல வெக்கிற கல்லா?" என்று முகத்தைச் சுளித்தார். கதையை மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

மே 11, ஞாயிறு

எழும்பூர் அருங்காட்சியகம். மகனை இழுத்துக்கொண்டு மின்சார ரயிலில் போனேன் (இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல், அதுவும் மே மாதம்தான்). போனது ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கற்கருவிகளைப் பார்க்க.

ஃபூட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர். 1863 மே 30 அன்று, பல்லாவரம் கண்டோன்மெண்ட்டுக்கு வடக்கே சில நூறு கஜ தூரத்தில், சின்னதாக ஒரு சரளைக் குழி. தோண்டி வெளியே கொட்டியிருந்த குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் படுகிறது. மனிதன் கையால் செதுக்கிய கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்ததற்குச் சான்று அங்கே ஆரம்பிக்கிறது. அப்போது அவருக்கு 28 வயது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்திலும் கண்டெடுக்கிறார். அந்த அதிரம்பாக்கத்துக் கருவிகளுக்குத்தான் 2011இல் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று வயது சொன்னார்கள்.

கண்ணாடிக்குள் பார்த்தால் ஒரு பெரிய மாங்கொட்டை மாதிரி இருக்கிறது. ஒரு முனை கூர், மறுமுனை பருமன், இரண்டு முகத்திலும் சில்லு சில்லாகப் பெயர்த்த தடம். பருமனான பக்கம் உள்ளங்கையில் உட்காரும் என்று பார்த்தவுடனே கை சொல்கிறது. என் மகன் ஜாடியில் பிஸ்தா தேடுகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல எது நம்ம ஊருது?" என்று கேட்டான். ஃபூட் தன் வாழ்நாள் சேகரிப்பையே 1904இல் சென்னை அரசுக்கு விற்றுவிட்டார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்தக் கருவிகள் எல்லாம் பெரும்பாலும் குவார்ட்சைட் என்கிற வேறு வகைக் கல், அம்மிக் கல் இல்லை. சில்லு பெயர்க்க அதுதான் தோது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை எழுதாவிட்டால் இந்த நாட்குறிப்புக்கே மரியாதை இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு கொல்லையில் கொட்டியிருந்த சரளையைக் கிளறினேன். அரை மணி நேரம். கூராக இருந்ததாக நான்கு கற்கள் பொறுக்கினேன். காலையில் மேஸ்திரியைக் கேட்டால் மண் மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்ததாம்.

மே 18, ஞாயிறு

பல்லாவரத்துப் பஞ்சபாண்டவர் மலை. பெயர்தான் அப்படி, பாண்டவர்களுக்கும் அதற்கும் ஒன்றுமில்லை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் குடைவித்த கோயில், பின்சுவரில் ஐந்து அறைகள், அதனால் அந்தப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அவனுடைய பட்டப்பெயர்களை உத்தரத்தில் வெட்டியிருக்கிறார்கள். இப்போது அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு போனேன். தூண்களுக்குப் பெயின்ட் ஏறியிருக்கிறது. கல்வெட்டு ஆர்வலர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் ஜனங்கள் புழங்காமல் வௌவால் அடைந்த குகைகளையும் பார்த்திருக்கிறேன். தூணில் கை வைத்தேன். வெளியே அப்படி ஒரு வெயில், தூண் ஜில்லென்று இருந்தது. இந்தக் கல்லை உளியால் குடைந்திருக்கிறார்கள். போன வருஷம் எங்கள் போர்வெல்காரர் இரண்டு நாளில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ டிரைவர் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டார். குரோம் முறையில் தோல் பதனிட்ட பழைய கம்பெனியால் என்றேன். "அட, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்று சலித்துக்கொண்டார். பாவம், தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

மே 30, வெள்ளி

ஃபூட் கோடரியை எடுத்து இன்றோடு 162 வருஷம். ஊரில் ஒரு சத்தமும் இல்லை. லீவு போட்டுவிட்டு அவர் சொன்ன அந்த வடக்குத் திசையில் கொஞ்ச தூரம் நடந்தேன். வீடு, கடை, தலைக்கு மேலே தாழ்வாக விமானம். சரி என்று வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் புகுந்தேன். பழைய மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, லவ் பேர்ட்ஸ், ரோஜாத் தொட்டி எல்லாம் தாண்டி, ஒரு பாட்டியம்மா கோணி விரித்து இரும்புச் சாமான் வைத்திருந்தார். கடைசியில் ஒரு குழவி கிடந்தது. ஐந்நூறு சொன்னார், முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது. பையின் காது அறுந்து, ஒரு கைக்குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தேன். பார்க்காத ஆள் இல்லை.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து குழவியை மடியில் உருட்டினார். நகத்தால் சுரண்டினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

"இது நம்மூர்க் கல்லு இல்ல. திண்டிவனம் பக்கத்துது."

எப்படித் தெரியும் என்றால், தெரியும் என்கிறார். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே பதில். அம்மிக்கு நீளம் சரியாக இருக்கிறதாம், ஆனால் இரண்டும் வழவழவென்று ஆகிவிட்டதாம், கொத்தாமல் மிளகாய் மசியாது. அம்மி கொத்துகிறவர் ஒருவர் பம்மலில் இருக்கிறாராம், நாளைக்குப் போய்க் கூட்டிவர வேண்டும்.