பங்குனி நடை: அரிட்டாபட்டி நாட்குறிப்பு

மார்ச் 21, 2025, வெள்ளி இரவு

மதுரையை அடுத்த மேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இருட்டிவிட்டது. தோழியின் அத்தை வீட்டில் எங்கள் நால்வருக்கும் பாய் விரித்தாயிற்று. பங்குனி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஆனாலும் எட்டு மணிக்கு மேல் பாறை காலைச் சுட்டுவிடும் என்கிறார் அத்தை. தூக்குவாளியில் நீராகாரம் ஊற்றித் தருவாராம்.

மார்ச் 22, சனி

விடியும் நேரத்தில் அரிட்டாபட்டிக்கு வந்துவிட்டோம். அறுப்பு முடிந்த வயல்களில் தாள் மட்டும் நின்றது. ஒரு வயலில் ஆட்டுக்கிடை. புழுக்கை வாடையும் பனியின் ஈரமும் கலந்து வந்தன. புங்க மரங்கள் எண்ணெய் தடவியதுபோல் தளிர்த்திருந்தன. வேம்பு பூத்து, நடந்த வழியெல்லாம் அந்த மணம். எனக்கு வசந்தம் என்றால் இந்தப் பதினைந்து நாள்தான். அப்புறம் கோடை வந்துவிடும்.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் பறவை பார்க்கும் நண்பர் நின்றவர் நின்றவர்தான். கம்பியில் ஒரு பனங்காடை. அது பறந்தபோது விரிந்த நீலத்தைப் பார்த்து எல்லோரும் வாய்விட்டுக் கத்திவிட்டோம். வல்லூறு கண்ணில் படவில்லை. மேலே வெகு உயரத்தில் வட்டமிட்டது ராசாளிப் பருந்தாக இருக்கலாம் என்றார். உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் இந்த ஊரின் தண்ணீர்க் கணக்கு விளங்குகிறது. வரிசையாக ஏழு குன்றுகள். மொட்டைப் பாறையில் விழும் மழை வழிந்து, கொஞ்சம் சுனைகளில் தங்கி, மிச்சம் கண்மாய்க்கு வருகிறது. ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசு கணக்குச் சொன்னது. டங்ஸ்டன் சுரங்கம் வந்து இந்தப் பாறையில் வெடி வைத்திருந்தால் முதலில் போயிருப்பது தண்ணீர்தான்.

குடைவரைக் கோயிலில் சிறிது நேரம். ஊரார் இதை இடைச்சி மண்டபம் என்கிறார்கள். பாண்டியர் காலத்தது, சிவலிங்கமும் தாய்ப்பாறையிலேயே குடைந்தது. தமிழகத்தில் அரிதாகக் காணக்கிடைக்கும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இங்கே இருக்கிறது. உள்ளே நின்றால் வெளியில் கத்தும் குயில் சத்தம் கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

மார்ச் 23, ஞாயிறு

இன்று சமணர் குகைத்தளம். கல்வெட்டு படிக்கத் தெரிந்த தோழி, பாறை விளிம்பில் இருக்கும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் ‘முழாகை’ கொடுப்பித்தான் என்று சொல்கிறது. முழாகை என்றால் குகை. 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தை விரலால் தொடாமல், காற்றில் வரைந்து படித்தேன்.

அதைவிட என்னை நிறுத்தியது தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழ் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள வரி. திருப்பிணையன் மலையில் (இந்த மலையின் பழைய பெயர்) அச்சணந்தி செய்வித்த திருமேனி, ‘பாதிரிக்குடியார் ரட்சை’. அதாவது இந்தச் சிலை பாதிரிக்குடி மக்களின் காவலில். செய்வித்த அச்சணந்தி சமணத் துறவி. காவலை அரசனிடம் விடாமல் பக்கத்து ஊராரிடம் விட்டிருக்கிறார்.

இறங்கும் வழியில் ஒரு அப்பத்தா, வேம்பின் அடியில் பழைய சேலையை விரித்துப் பூ உலுக்கிக்கொண்டிருந்தார். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு. இந்த வயதில் இவ்வளவு தூரம் நடந்து வருகிறீர்களே என்று தோழி கேட்டாள்.

“மார்கழிக் குளிரில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கே நடந்தோம், தாயி. இது என்ன தூரம்?”

டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஜனவரி 7-ஆம் தேதி போன பேரணியைச் சொல்கிறார். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. செய்தியாக அன்றே படித்தவள்தான் நான். அவர் காலைப் பார்த்தேன்: செருப்பில்லை, பாதத்தில் வெடிப்பு. பாதிரிக்குடியார் யார் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல நினைத்தேன், தொண்டை அடைத்தது. உட்கார்ந்து அவரோடு பூப் பொறுக்கினேன்.

கிளம்பும்போது எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்தார். “ஐப்பசியில் வாருங்கள். மறுகால் பாயும்.”

மார்ச் 26, புதன்

வேப்பம்பூ மொட்டைமாடியில் செய்தித்தாளின்மேல் காய்கிறது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறேன்.