ஸ்டைல்: மாஸ் ஆற்றங்கரையில் ஒரு புனிதரின் கல்லறை

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனம் ஆகஸ்டில் அங்குள்ள கெவலார் என்ற ஊரின் மாதா திருவிழாவுக்குப் போகாமல் விடாது. சைவக்காரரும் வருவார்கள். ஆனால் அங்கிருந்து எல்லை தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, ஒல்லாந்தில் (நெதர்லாந்தில்) உள்ள ஸ்டைல் என்ற ஊரைப் பலருக்குத் தெரியாது. இந்த முறை திருவிழா முடிந்த மறுநாள் குடும்பமாகப் போனோம்.

அங்கேதான் புனித அர்னோல்ட் யான்சென் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1837இல் கெவலாருக்குப் பக்கத்து ஊரான கோக்கில் பிறந்தவர். தகப்பன் வண்டிக்காரர், யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைச் செபமாகவே சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவராம். மகன் குருவானவராகி, போஹோல்ட் பள்ளியில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தார். ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமடங்களை மூடி, துறவிகளைத் துரத்திக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் இவருக்கு மறைபரப்புக் குருமடம் தொடங்க ஆசை வந்தது! ஜெர்மனியில் முடியாது என்று ஒல்லாந்துப் பக்கம் வந்து, ஆற்றங்கரையில் ஒரு பழைய சத்திரத்தை வாங்கி, 1875 செப்டம்பர் 8 அன்று இறைவார்த்தைச் சபை என்ற மறைபரப்புத் துறவற சபையைத் தொடங்கினார். கையில் காசில்லை. இவர் பைத்தியக்காரனோ புனிதனோ என்று அந்த மறைமாவட்ட ஆயரே சொன்னாராம்.

இலகுவில் பழகக்கூடிய மனிதரில்லை. பிடிவாதக்காரர். தொடக்கத்தில் கூட இருந்தவர்களில் இருவர் ஒத்துவராமல் விலகிப்போனார்கள். சபை தொடங்கிய அடுத்த வருடமே அச்சகம் தொடங்கி, பத்திரிகை வாசகர்களின் உதவியில் சபையை நடத்தினார்.

கீழ்க்கோயிலில் அவருடைய கல்லறையில் முழங்காலில் இருந்தபோது எனக்கு வந்த யோசனை இதுதான்: உலகம் முழுக்க ஆட்களை அனுப்பிய இந்த மனிதர் ஒருநாளும் மறைபரப்பு நாடொன்றில் கால் வைக்கவில்லை. மேசையும் கடிதமும் செபமும்தான் அவருடைய ஊழியம். 1879 மார்ச் 2 அன்று சீனாவுக்கு அனுப்பிய முதல் இருவரில் ஒருவர் ஜோசப் ஃப்ரைனாடெமெட்ஸ். அவர் ஊர் திரும்பவேயில்லை. 1908இல் காய்ச்சல்காரரைப் பார்க்கப்போய் அதே காய்ச்சலில் இறந்தார். அடுத்த ஜனவரியில் யான்சென். அனுப்பியவரையும் போனவரையும் 2003இல் ஒரே நாளில் புனிதராக்கினார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

யான்சென் தொடங்கிய பெண்கள் சபைகள் இரண்டும் பிறந்தது இதே ஊரில்தான். அதில் ஒரு சபையான ரோஸ் நிற உடுப்புச் சகோதரிகள், வெளியே வராத அடைபட்ட மடத்தில் மாறிமாறி நற்கருணை ஆராதனை செய்கிறார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். மறைபரப்பாளர்கள் பல நாடுகளிலிருந்தும் அனுப்பிய வண்ணத்துப்பூச்சிகள் சுவர் முழுக்க இருக்கின்றன. எங்கள் சின்னவனை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.