அப்பாவுக்கு மறுபடி கரண்ட்

4 மார்ச் 2024
கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த ரிசல்ட் வந்துவிட்டது. பயந்ததுதான், புற்றுநோய் திரும்பிவிட்டது. 2019-ல் கன்னத்தில் ஆபரேஷன் செய்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்த அதே இடது பக்கம். அப்பாவின் இதயம் மயக்க மருந்து தாங்காது, கத்தி வைக்க முடியாது என்றார்கள். "திரும்பக் கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம். ஆனா பழைய பிளான் வேணும்" என்றார் டாக்டர்.

6 மார்ச்
பீரோவைக் கவிழ்த்ததில் ஒரே ஒரு தாள்: 60 கிரே (கதிர்வீச்சின் அளவு), 30 தடவை. அது போதாதாம். எந்த இடத்துக்கு எவ்வளவு போனது என்று தெரியவேண்டும். தண்டுவடத்துக்கு 45, 50 கிரேதான் பொதுவான வரம்பு. ஐந்து வருஷத்தில் கொஞ்சம் தேறியிருக்கும், ஆனால் வாங்கியதை முழுசாக மறந்திருக்காது.

12 மார்ச்
பழைய ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது நடை. மெஷின் மாற்றியாச்சு, பழையது எதுவும் இல்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிய ரெக்கார்டு ரூம் இன்று பூட்டிக் கிடந்தது. நேரே பிளானிங் அறை வாசலில் போய் நின்றேன். அங்கே கதிர் அளவைக் கணக்குப் போடும் பிசிசிஸ்ட் தம்பி பழைய ஹார்டு டிஸ்க்கைத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டார். இருபது நிமிஷம்! இதற்கா ஒரு வாரம் அலைந்தேன்.

18 மார்ச்
கரண்ட் கொடுக்கும்போது தலை அசையாமலிருக்க மாஸ்க் செய்தார்கள். வெந்நீரில் துவண்ட வலைத் தகட்டை முகத்தோடு இழுத்துப் பிடித்து ஆறவிட்டார்கள். கழற்றியதும் அப்பா நெற்றியில் இடியாப்பத் தட்டு பதிந்த மாதிரி புள்ளி புள்ளியாய். அப்படியே ஸ்கேனும் முடிந்தது.

26 மார்ச்
புது ஸ்கேன்மேல் பழைய பிளானைப் பொருத்திக் காட்டினார்கள். 8 கிரே வீதம் 5 தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். "அப்போ 60, இப்போ 40, மொத்தம் 100-ஆ டாக்டர்?" அப்படிக் கூட்டக் கூடாதாம். இரண்டிரண்டாய் வாங்கியதும் எட்டெட்டாய் வாங்குவதும் உடம்புக்கு ஒன்றல்ல. ஒரே அளவைக்கு மாற்றித்தான் கூட்டுவார்களாம். கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் அபூர்வமாக வெடிக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

5 ஏப்ரல்
மூன்றாவது தடவை முடிந்தது. தொண்டை எரிகிறது, ரசம் சாதத்தைக் குழைத்து ஆறவைத்துக் கொடுக்கிறேன். வாய் இறுகிவிடாமலிருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைக்கும் பழைய பயிற்சி மீண்டும். இன்று ஒன்பது குச்சி. அப்பா பத்தாவதைக் கேட்டு வாங்கி, முடியாமல் துப்பினார்.

10 ஏப்ரல்
கடைசி. முடிந்த கையோடு பிளானைச் சிடியில் கேட்டு வாங்கிவிட்டேன். பஸ்ஸில் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பா, "மூணாவது தடவைக்காம்மா?" என்றார்.

"ரேஷன் கார்டோட இருக்கட்டும்ப்பா" என்றேன்.