கைப்பாடாய்ச் சேர்க்கிறவன்: முதலீட்டு நாட்குறிப்பு

2025 அக்டோபர் 5, ஞாயிறு

பங்குச்சந்தையில் பணம் போடுவது சூதாட்டமா, விசுவாசி அதில் இறங்கலாமா என்ற கேள்வி நம் சபைகளில் ஓய்வதே இல்லை. வேதத்தில் "சூதாடாதே" என்று நேராக ஒரு கட்டளை கிடையாது. ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் தமிழ் வேதாகமம் ஒரு வினைச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கையாள்கிறது: பதறுதல். நீதிமொழிகள் 21:5 பதறுகிறவனுடைய நினைவுகள் தரித்திரத்துக்கு ஏதுவாகும் என்கிறது. 28:22-ல் வன்கண்ணன் "செல்வனாகிறதற்குப் பதறுகிறான், வறுமை தனக்கு வருமென்று அறியாதிருக்கிறான்". இதற்கு நேர் எதிரில் 13:11 நிற்கிறது: "வீணாய்த் தேடின பொருள் குறைந்துபோம், கைப்பாடாய்ச் சேர்க்கிறவனோ விருத்தியடைவான்." கைப்பாடு என்றால் கையால் பாடுபட்டு உழைப்பது.

ஆகவே பங்கா, பத்திரமா, தங்கமா என்று பார்த்துச் சூதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கேள்விகள் போதும். லாபம் எங்கிருந்து வருகிறது? அது வர எவ்வளவு காலம் கொடுத்திருக்கிறோம்? ஒரு நிறுவனம் பொருள் செய்து, விற்று, ஈட்டியதில் ஒரு பங்கு நமக்கு வந்தால் அது விதைத்து அறுப்பது. எதிரில் இருப்பவன் தோற்றால் மட்டுமே நம் கைக்குக் காசு வரும் என்றால் அது சூது. அதே நிறுவனத்தின் பங்கைக் காலை 9.20-க்கு வாங்கி 9.50-க்கு விற்பவன் அதன் தொழிலில் பங்குகொள்ளவே இல்லை. நம் வருமான வரிச் சட்டமும் பங்கைக் கையில் வாங்காமல் அன்றைக்கே கணக்கு முடிக்கும் வியாபாரத்தை ஊக வணிகம் என்றே பிரித்து வைத்திருக்கிறது.

2025 அக்டோபர் 7, செவ்வாய்

இன்று நிஃப்டி (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) ஆப்ஷன்களின் வார எக்ஸ்பயரி, அதாவது அந்த ஒப்பந்தங்கள் முடியும் நாள். குறித்த நாளில் குறியீடு எங்கே நிற்கும் என்பதை வைத்துப் பணம் கட்டும் ஒப்பந்தம்தான் ஆப்ஷன். 2025 செப்டம்பர் முதல் அது செவ்வாய்க்கு மாறியிருக்கிறது. இந்த ஒரு நாளில் என்ன நடக்கிறது என்பதை ரூபாய்க் கணக்கில் பார்த்துவிடுவது நல்லது.

நிஃப்டி 25,000-ல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25,000 கால் ஆப்ஷனின், அதாவது நிஃப்டி அதற்கு மேல் ஏறினால் ஏறிய அளவுக்குப் பணம் தரும் ஒப்பந்தத்தின், பிரீமியம் (விலை) 100 ரூபாய். 2025 அக்டோபரில் ஒரு லாட் (ஒரு முறை வாங்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) என்பது 75. ஆக 7,500 ரூபாய் கட்டுகிறீர்கள். முடிவில் நிஃப்டி 60 புள்ளி ஏறி 25,060-ல் நிற்கிறது. ஏறும் என்று சொன்னீர்கள், ஏறியும் விட்டது. ஆனாலும் கட்டிய 100-க்கு 40 புள்ளி குறைவு; 75-ஆல் பெருக்கினால் 3,000 ரூபாய் நட்டம். 25,100-ஐத் தாண்டினால்தான் முதல் ரூபாய் லாபம். 25,000-க்குக் கீழே முடிந்தால் 7,500-ம் போச்சு. திசை, அளவு, நேரம் மூன்றும் சேர்ந்து வாய்க்க வேண்டும். நிஃப்டி அசையாமல் கிடந்தாலும் பிரீமியம் மணிக்கு மணி கரையும், எக்ஸ்பயரி நெருங்க நெருங்க இன்னும் வேகமாக.

இதற்கு மேல் செலவு. வாங்க ஒரு முறை, விற்க ஒரு முறை என்று 20 ரூபாய் வீதம் புரோக்கர் கட்டணம் 40. விற்கும் பிரீமியத்தில் எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி (2025-ல் 0.1 விழுக்காடு). பிறகு பரிவர்த்தனைக் கட்டணம், ஜிஎஸ்டி. மேலே சொன்ன ஒரு லாட்டுக்கு ஏறத்தாழ 60 ரூபாய் ஆகும். நாளுக்கு 5 முறை, மாதம் 20 நாள் என்றால் 6,000 ரூபாய். வென்றாலும் தோற்றாலும் இது போய்க்கொண்டே இருக்கும்.

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு இளைஞனும் படிக்க வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினருக்கு நட்டம். செலவையும் சேர்த்து மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு விழுக்காட்டினர்தான். 2023-24-ல் மட்டும், செலவைக் கழிக்கும் முன்பே, சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். தனிநபர் பக்கம் போனது 61,000 கோடி. அந்த லாபத்தின் பெரும்பகுதி கணினி நிரல்களின் வழியாக வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு மதிய இடைவேளையில் வாங்கும் ஒருவர் யாருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது இதில் தெரியும்.

2025 அக்டோபர் 8, புதன்

நேற்றைய கணக்கின் பின்பகுதி. நட்டம் வந்ததும் தொகையை இரட்டிப்பாக்கி மீட்கும் பழக்கத்துக்கு "ஆவரேஜ் பண்றேன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 500 ரூபாயில் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டித்தால், பத்தாவது முறை தோற்கும்போது போயிருப்பது 5,11,500 ரூபாய். அதற்கு முன் எந்த முறை வென்றிருந்தாலும் கிடைக்கும் மொத்த லாபம் அந்த முதல் 500-தான். பணம் பாதியானால் பழைய இடத்துக்கு வர 100 விழுக்காடு ஏற வேண்டும்; 20 விழுக்காடு இழந்தவனுக்கு 25 போதும்.

இந்தக் கட்டத்தில்தான் கடன் உள்ளே வருகிறது: நகைக்கடன், கடன் செயலி, கிரெடிட் கார்டு. "கடன்வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்பது நீதிமொழிகள் 22:7. ஏற்கெனவே இதில் சிக்கியவர் முதலில் செய்ய வேண்டியது புரோக்கர் செயலியில் எஃப் அண்ட் ஓ பிரிவை முடக்குவது. பெரும்பாலான செயலிகளில் கணக்கு அமைப்புக்குள்ளேயே அந்த வசதி உண்டு. அடுத்தது, மொத்தக் கடனையும் ஒரே தாளில் எழுதி மனைவியிடமோ கணவரிடமோ கொடுப்பது. மீட்டுவிட்டுச் சொல்லலாம் என்ற எண்ணம்தான் இரண்டு லட்சத்தைப் பத்து லட்சமாக்குகிறது.

இன்னொன்றையும் மனவேதனையோடு எழுத வேண்டியிருக்கிறது. "இந்த டிரேடு ஜெயித்தால் தசமபாகம் கொடுக்கிறேன்" என்று பொருத்தனை பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்ற 16:33-ஐயும் துணைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வசனத்தின் சீட்டு, வழக்கைத் தீர்க்கவும் பங்கைப் பிரிக்கவும் போட்டது. பிறர் பணத்தைப் பிடுங்க ஆண்டவரைக் கூட்டாளியாக்க அதில் இடமில்லை.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

ஆதியாகமம் 41. பரிபூரணமான ஏழு வருஷங்களிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொன்னான் யோசேப்பு. கையிருப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு என்ற வரிசை அங்கேயே இருக்கிறது.

மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்றால் ஐந்தில் ஒன்று 8,000. மீதி 32,000-ல் வீடு ஓடுகிறது. ஆறு மாதச் செலவு 1,92,000. மாதம் 8,000 வீதம் சரியாக 24 மாதத்தில் சேர்ந்துவிடும். இரண்டு வருடம் என்றதும் பலருக்குச் சலிப்பு வருகிறது. இந்த இரண்டு வருடத்தைத் தாண்டிக் குதித்து நேராகப் பங்குக்குப் போகிறவர்கள்தான், மருத்துவச் செலவு வந்ததும் சந்தை கீழே கிடக்கும் நாளில் விற்கிறார்கள். அங்கே நட்டத்துக்குக் காரணம் சந்தை இல்லை, களஞ்சியம் காலியாக இருந்ததுதான்.

கையிருப்பை எங்கே வைப்பது? ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில். மீதி வங்கி வைப்பில், ஒரே ரசீதாக இல்லாமல் 40,000, 40,000 என்று நான்கைந்தாக. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி கெடாது. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2025 அக்டோபர் 15, புதன்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி காணிக்கை என்றால் எல்லோருக்கும் தெரியும். உலையில் போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். சமைத்து, சாப்பிட்டு, மிஞ்சினால் எடுக்கலாம் என்று எந்த வீட்டிலும் யாரும் காத்திருந்ததில்லை. எஸ்ஐபி-யும், அதாவது பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் ஒரு தொகையைத் தானாகப் போடும் ஏற்பாடும், அதே பிடிதான்.

சம்பளம் 1-ஆம் தேதி வந்தால் எஸ்ஐபி-யை 3 அல்லது 5-ஆம் தேதிக்கு வையுங்கள். 25-ஆம் தேதிக்கு வைத்தால் கணக்கில் பணம் இருக்காது. வங்கி அபராதம் பிடிக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால் எஸ்ஐபி ரத்தாகிவிடும். முதல் தொகை கையைக் கடிக்காததாக இருக்கட்டும். 2,000-ல் தொடங்கி, சம்பளம் உயரும்போது ஆண்டுக்கு 10 விழுக்காடு கூட்டுவது, 8,000-ல் தொடங்கி ஐந்தாம் மாதம் நிறுத்துவதைவிட மேல்.

செலவு விகிதத்தை, அதாவது ஃபண்டு ஆண்டுதோறும் பிடிக்கும் கட்டணத்தை, முதலில் பாருங்கள். மாதம் 5,000, 20 ஆண்டு, ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ச்சி என்று ஒரு கணக்குக்காக வைத்தால் ஏறத்தாழ 50 லட்சம். அதில் ஒரு விழுக்காடு கட்டணமாகப் போய் 11 ஆனால் 43.7 லட்சம். ஒரே ஒரு விழுக்காடு தின்றது ஆறு லட்சத்துக்கு மேல். புதிதாக வருகிறவருக்கு நிஃப்டியின் 50 பங்குகளையே வாங்கி வைக்கும் நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டின், முகவர் இல்லாத நேரடித் திட்டம் போதும் என்பதே எங்கள் கருத்து.

"சந்தை இறங்கட்டும், அப்புறம் தொடங்குகிறேன்" என்பவர்களுக்குப் பிரசங்கி 11:4: "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான், மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்."

2025 அக்டோபர் 18, சனி

பிரசங்கி 11-ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனம்: "ஏழுபேருக்கும் எட்டுபேருக்கும் பங்கிட்டுக்கொடு, பூமியின்மேல் என்ன ஆபத்து நேரிடுமோ உனக்குத் தெரியாது." தானத்தைப் பற்றியது என்று சிலரும் கடல் வாணிபத்தைப் பற்றியது என்று சிலரும் விளக்குவார்கள். எப்படிக் கொண்டாலும் காரணம் ஒன்றே: வருவது தெரியாது.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஏழு ஃபண்டுகள் வைத்திருப்பவர்கள் அநேகர். நான்கு லார்ஜ்கேப் (பெரிய நிறுவனப் பங்கு) ஃபண்டுகளைத் திறந்து பாருங்கள். எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ் என்று அதே பெயர்கள் மேல் வரிசையில் நிற்கும். ஒரே கூடைக்கு நான்கு கைப்பிடி. உண்மையான பங்கீடு என்றால் ஒன்று விழும்போது மற்றொன்று அதே காரணத்துக்காக விழக்கூடாது: பிஎஃப் (சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி) அல்லது பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), வங்கி வைப்பு, குறியீட்டு ஃபண்டு, கொஞ்சம் தங்கம். பிபிஎஃப் 15 ஆண்டு. 2025 அக்டோபரில் வட்டி 7.1 விழுக்காடு, ஆண்டு வரம்பு 1.5 லட்சம். தங்கம் பத்து விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். பெட்டியில் இருக்கும் நகையை இதில் சேர்க்க வேண்டாம், அதை யாரும் விற்கப் போவதில்லை. டெர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) முதலீட்டுக் கணக்கில் வராது, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே வர வேண்டும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கையே குவித்து வைப்பதும் ஆபத்து: நிறுவனம் விழுந்தால் சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் போகும்.

2025 அக்டோபர் 24, வெள்ளி

மாதம் 10 விழுக்காடு தருகிறோம் என்று வரும் திட்டங்கள். அறிமுகப்படுத்துகிறவர் பெரும்பாலும் தெரிந்தவராக, ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவராக இருப்பார். அந்த நம்பிக்கைதான் திட்டத்தின் மூலதனம். மறுக்கச் சங்கடமாக இருந்தால் ஒரு பெருக்கல் போட்டுக் காட்டுங்கள். மாதம் 10 விழுக்காடு கூட்டு வட்டியில் ஒரு லட்சம் ஓராண்டில் 3.14 லட்சம், ஐந்தாண்டில் மூன்று கோடிக்கு மேல். அப்படி ஒரு தொழில் கையில் இருப்பவன் வங்கியில் 12 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கிக்கொள்வானே, நம் வீட்டு வாசலுக்கு ஏன் வருகிறான்? முதல் சில மாதங்கள் பணம் சரியாக வரும். புதிதாகச் சேருகிறவர்களின் பணம் அது. "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான்" என்ற நீதிமொழிகள் 14:15 மிகக் கடுமையாகத் தோன்றலாம். பிள்ளையின் கல்யாணப் பணம் போன வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

சரிபார்க்க ஒரு வழி 2025 அக்டோபரில் வந்தது. செபியில் பதிவான புரோக்கர், மியூச்சுவல் ஃபண்டு ஆகியோரின் யுபிஐ முகவரியில் 'வேலிட்' என்ற சொல் வரும். புரோக்கர் என்றால் 'பிஆர்கே', ஃபண்டு என்றால் 'எம்எஃப்' என்ற எழுத்துகளும் இருக்கும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் குறி தெரியும். அனுப்பும் முன் 'செபி செக்' வசதியில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 2, ஞாயிறு

"உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்" (நீதிமொழிகள் 27:23). மேய்ப்பன் மந்தையை எண்ணுவான். மணிக்கொரு தரம் எடை போடமாட்டான். வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். விலைச் செயலியின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

பார்க்கும் நாளில் செய்ய வேண்டியது பங்கீட்டைச் சரிசெய்வது. 10 லட்சத்தில் பங்கு 6, வைப்பு 4 என்று தொடங்கியவருக்கு ஓராண்டில் பங்கு 30 விழுக்காடும் வைப்பு 7 விழுக்காடும் ஏறினால் 7.8 லட்சம், 4.28 லட்சம்; மொத்தம் 12.08. இதில் 60 விழுக்காடு 7.248 லட்சம். ஆக 55,200 ரூபாயைப் பங்கிலிருந்து வைப்புக்கு மாற்ற வேண்டும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 விழுக்காடு. விற்க மனமில்லாதவர் அடுத்த சில மாதத் தவணைகளை வைப்புக்குத் திருப்பினாலும் அதே பலன்.

இறங்கும் காலத்துக்கும் இதே முறைதான். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23 வரை நிஃப்டி 38 விழுக்காடு விழுந்தது. மேலே சொன்ன 6 லட்சம் அப்படி விழுந்தால் 3.72 ஆகும்; வைப்பு 4.28, மொத்தம் 8 லட்சம். அதில் 60 விழுக்காடு 4.8. அதாவது எல்லோரும் விற்கும் நாளில் 1.08 லட்சத்தை வைப்பிலிருந்து எடுத்துப் பங்கில் போடச் சொல்கிறது இந்தக் கணக்கு. கை நடுங்கும். அதனால்தான் விகிதத்தை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கிறோம். அந்த முறை நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியது நவம்பரில், எட்டு மாதத்துக்குள். எப்போதும் இவ்வளவு சீக்கிரம் மீளும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணம் பங்கின் பக்கமே போக வேண்டாம்.

அதே நாளில் வங்கி, டீமேட் (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு), ஃபண்டு, பிஎஃப் ஒவ்வொன்றிலும் நாமினி பெயரைச் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் பெரும்பாலும் பெற்றோர் பெயரே நிற்கும். கணக்கு எண்களை ஒரு தாளில் எழுதி, எழுதிய தேதியும் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லிவையுங்கள்.